இரண்டாவது டபிள்யூ

என் மருமகன் பிறந்து பதினெட்டு நாளாகியும் அவனுக்குப் பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் காலில் கட்டிவிட்ட பட்டியில் 'நிலாணியின் ஆண் குழந்தை' என்று அக்காவின் பெயரோடு இருந்தது. அதுவே அவனுக்குப் போதுமாயிருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒரு முனையால் பால் குடித்தான். அதில் பாதியை அதே முனையால் என் தோளில் திருப்பி வைத்தான். மிச்சத்தை மறுமுனையால் கடுகு நிறத்தில் வெளியே அனுப்பினான். இந்த வேலைகள் எதற்கும் பெயர் தேவைப்படவில்லை.

பெயர் தேவைப்பட்டது பெரியவர்களுக்கு. முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்கும்போது பெயர் வைக்க வேண்டும். அன்றே பிறப்புப் பதிவுப் படிவத்தையும் அனுப்பிவிட வேண்டும். அந்தப் படிவம் அத்தானின் லப்டொப்பில் இரவு பகலாகத் திறந்தே கிடந்தது. முதற்பெயர்க் கட்டத்தில் கோடு ஒன்று மட்டும் விட்டு விட்டுத் துடித்தது.

கல்லூரி விடுமுறையென்று என்னை அக்கா வீட்டில் உதவிக்கு விட்டிருந்தார்கள். வீடு ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் இருக்கிறது. புது வீடு. வரிசையிலிருக்கும் அறுபது வீடுகளும் ஒரே மண்ணிறம் என்பதால் முதல் வாரம் நான் இரண்டு முறை வேறு வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றினேன். பிறகு மணம் பிடித்து வரப் பழகினேன். பிள்ளைப் பெத்தவளுக்கென்று அம்மா மூன்று நேரமும் காய்ச்சிய சரக்குக்கறியின் மிளகும் உள்ளிப்பூண்டும் திரைச்சீலை, தலையணை, என் பல் தூரிகை வரை ஏறியிருந்தன.

பெயர் வைப்பதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல வரலாறு கிடையாது. அம்மாவின் பெயர் பேபி. ஐம்பத்தொன்பது வயது, பிரஷர், முழங்கால் வலி, பேபி. கிளினிக்கில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார் எல்லாரும் எழும்புவார்கள். என் பெயர் ஜதுர்சன். அதற்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. ஏன் வைத்தாய் என்று கேட்டால் அம்மா, "கேக்க வடிவா இருந்தது" என்பாள்.

பிள்ளையின் நட்சத்திரம் கார்த்திகை, மூன்றாம் பாதம். அதற்குரிய எழுத்து 'உ'. ஒரு பின்னேரம் அக்காவின் கதிரையைச் சுற்றி இருந்து 'உ'வில் தொடங்கும் பெயர்களைத் தேடினோம்.

"உதயகுமார்" என்றாள் அம்மா.

"மாமி, எங்கடை தெருவில பேப்பர் போடுறவன்ரை பேர் அது" என்றார் அத்தான்.

"உருத்திரன்?"

"வெள்ளைக்காரன் 'ரூட்' எண்டு கூப்பிடுவான். அதுக்கு இங்கிலிசில மரியாதை கெட்டவன் எண்டெல்லோ அர்த்தம்?"

"உலகநாதன்?"

"பென்சன் எடுத்த ஆளே மாமி?"

அக்கா அதுவரை பேசவில்லை. பிள்ளையின் கழுத்து மடிப்பில் தயிராகிப் போயிருந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "உமாகரன்."

"சும்மா கதையாதையும் நிலா. உவன் நாளைக்கு வேலைக்கு அப்ளிக்கேசன் போட வேணும்."

வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அந்நேரம் முகம் சிவந்து, கால்களை மடக்கி, பெரியதொரு முடிவுக்கு வந்தார். மணம் வந்தது. மாற்றுவது என் முறை.

அத்தானின் பெயர் ராகுலன். மிசிசாகாவில் ஒரு ஜேர்மன்காரப் பம்ப் கொம்பனியில் சுப்பர்வைசர். ஒருமுறை ஐந்து நாள் பயிற்சிக்கு ஜேர்மனி போய் வந்தார். ஐந்து நாளும் மழை, ஹோட்டலை விட்டு வெளியே வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து அவரின் கார் ஜேர்மன், கத்தி ஜேர்மன், குழாய் ஜேர்மன். கழிவறையைத் தேய்க்கும் பிரஷ்கூட அங்கிருந்து வரவழைத்தது. அதைக் கையில் எடுத்து வளைத்துக் காட்டி, "பார் ஜது, ஒரு மயிர் கழராது. ஜேர்மன்காரன் செய்தாச் செய்ததுதான்" என்றார். அது நேற்றுப் பாவித்த பிரஷ்.

ஆகவே அவர் லப்டொப்பைத் திருப்பி, பாரம்பரிய ஜேர்மன் ஆண்பிள்ளைப் பெயர்கள் என்றொரு பக்கத்தைத் திறந்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

உல்ரிக் என்பதை அம்மா மூன்று தரம் முயன்றாள். மூன்றாவது தரம் பல்செட் கழன்றது. உடோ என்பதற்கு, "நாய்க்குட்டிக்கோ?" என்றாள். அடுத்தது மூன்றே எழுத்து. யூ, டபிள்யூ, ஈ.

"யூவ்!" என்று அத்தான் எழும்பியே விட்டார். "யூவ்! யுவன் மாதிரி இருக்கு பாருங்கோ. தமிழுக்குத் தமிழ், ஜேர்மனுக்கு ஜேர்மன். மூண்டு எழுத்து. போமில எழுதினா இடமும் மிச்சம்."

எண்சாத்திரம் பார்க்காமல் எங்கள் வீட்டில் கார்கூட வாங்குவதில்லை. பார்க்டேலில் இருக்கும் விநாயகமூர்த்தி அங்கிளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார் அத்தான். அங்கிள் போனைத் தாடைக்குக் கீழே பிடிப்பவர். நாங்கள் அவர் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு மூக்குத் துவாரங்களும் அவற்றுக்குள் நரைத்த காடும்தான் எங்கள் எதிர்காலத்தைச் சொல்லும்.

"யூவுக்கு ஆறு" என்றன துவாரங்கள். "டபிள்யூவுக்கு ஆறு. ஈக்கு அஞ்சு. பதினேழு. ஒண்டும் ஏழும் எட்டு. எட்டு சனியன்ரை இலக்கம். பிள்ளை நல்லாப் படிக்கும். படிச்சுப்போட்டு லொறி ஓடும்."

"ஐயோ அங்கிள்."

"அவசரப்படாதை. இன்னொரு டபிள்யூ போடு. எவ்வளவு வருகுது? இருபத்திமூண்டு! ராச இலக்கம். பிள்ளை ஆளும்."

அத்தான் டயப்பர்ப் பெட்டியின் பின்பக்கத்தில் நான்கு எழுத்தையும் பெரிதாக எழுதி, பெட்டியை எல்லாருக்கும் தெரிய நிமிர்த்தி வைத்தார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"உவ்வே."

கறி கிளறக் குசினிக்குள் போயிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டாள். "என்னடா ஜது, சத்தி வருகுதோ? வாளி எடுத்து வரட்டோ?"

துவாரங்கள் ஒருமுறை விரிந்து சுருங்கி, அழைப்பைத் துண்டித்தன.

"உது நீ வாசிச்ச பிழை" என்றார் அத்தான்.

போனில் உச்சரிப்பைத் தேடிப் போட்டேன். ஒரு ஜேர்மன் பெண்குரல் அழுத்தந்திருத்தமாக "ஊவே" என்றது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அவளுக்கு வந்தது.

"உது கொம்பியூட்டர். அதுக்கு என்ன தெரியும்? என்ரை பிள்ளையின்ரை பேர் யூவ். முடிஞ்சுது."

அன்றிரவே அவர் தன் கொம்பனி மேலாளருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். மேலாளரின் பெயர் கிளவுஸ். குழந்தைக்கு ஜேர்மன் பெயர் என்று கேட்டு கிளவுஸ் மனம் நெகிழ்ந்து முப்பத்தோராம் நாளுக்குத் தானும் வருவதாகச் சொன்னாராம். எந்தப் பெயர் என்று அத்தான் சொல்லவில்லை. அது விழாவன்று அவருக்கு ஒரு சந்தோச அதிர்ச்சியாக இருக்கட்டுமாம்.

அடுத்த நாள் மாடியறையில் டயப்பர் மாற்றும்போது அக்கா கதவைச் சாத்தினாள். அந்த மணத்தோடு கதவைச் சாத்துவதென்றால் விஷயம் பெரிது.

"ஜது, இவன் வளருவான்" என்றாள். "பின்னேரத்தில பார்க்குக்குப் போய் விளையாடுவான். சாப்பாட்டு நேரமாயிடும். நான் வாசல்ல நிண்டு கூப்பிட வேணும். என்னெண்டு கூப்பிடுறது?"

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாதை. பகிடி விடாதை. நான் உண்மையாக் கேக்கிறன். ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடப்போறது நான். அவரில்லை, அவர் வேலைக்குப் போயிடுவார். என்ரை பிள்ளையின்ரை பேரை நானே அருவருத்துக்கொண்டு சொல்லுறதோ? எங்கடை தெருவில அரைவாசி தமிழ்ச் சனம். அதுகளின்ரை பிள்ளையள் இவனை விடுங்களோ?"

"அத்தானிட்டைச் சொல்லன்."

"சொன்னனான். ஏழு தரம். உமாகரன் எண்டா கிழட்டுப் பேராம். உமாகரா எண்டு ஒருக்காக் கூப்பிட்டுப் பார். எவ்வளவு தூரம் போகும்." அவள் குரல் உடையவில்லை. ஈரத்துணியைப் பிழிந்த விதத்தில்தான் தெரிந்தது. "நீ தாய்மாமன். காதில மூண்டு தரம் பேர் சொல்லப்போறதும் நீதான். ஏதாவது செய்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. முதல் இரண்டு தரம் காதுக்குள் மெல்ல, மூன்றாம் தரம் சபைக்குக் கேட்கச் சத்தமாக. நாற்பது பேர் முன்னால், சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, நான் உரத்து உவ்வே என்று சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட வேண்டும்.

முப்பதாம் நாள் கேக் சொல்லிவர என்னை ஸ்காபரோவுக்கு அனுப்பினார் அத்தான். 'வருக வருக' என்று போட்டுப் பெயரையும் எழுதச் சொன்னார். நான்கு எழுத்தையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். கடையில் நின்ற பிள்ளை துண்டைப் பார்த்தாள்.

"இங்கிலிசிலயோ அண்ணா, தமிழிலயோ?"

"தமிழிலதான். தமிழ் விழாவல்லோ."

"இதைத் தமிழில எப்பிடி எழுதுறது?"

அவளுக்கு உதவுவது என் கடமை. "முதல் உனா. பிறகு ஒரு வானா, அதுக்கு மேல ஒரு குத்துப் புள்ளி. பிறகு வேனா."

எழுதிக்கொண்டு போனவள் நிறுத்தினாள். "இது ஆற்றையும் பேரோ?"

"ஓம். பிள்ளையின்ரை."

"பிள்ளை என்ன செய்தது?"

துண்டில் இருந்த எழுத்துகளை ஒன்று விடாமல் தமிழாக்கியிருந்தேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. பச்சை ஐசிங்தான் இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டாள். நல்லது என்றேன்.

மறுநாள் காலை ஐயர் வந்து மஞ்சள்தண்ணீர் தெளித்துத் துடக்குக் கழித்தார். வீடு நிறைந்தது. கார்ப்பெற்றில் வேட்டிகளும் சேலைகளும், நடுவில் கால்களை மடக்கத் தெரியாமல் கிளவுஸ். அவருக்கு யாரோ ஏற்கெனவே இரண்டு வடை கொடுத்திருந்தார்கள். எண்ணெய்க் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் அவர் அதைத் தூக்கியே பிடித்திருந்தார், சத்தியம் செய்பவர் போல.

அத்தான் கேக் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

கேக் பெரியது. பச்சை, குளத்துப் பாசியின் பச்சை. நடுவில் வெள்ளை எழுத்தில், 'வருக வருக உவ்வே'.

முன்வரிசை வாசித்தது. பின்வரிசை எட்டி வாசித்தது. பிறகு ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்.

"கேக் பழுதாப் போச்சுப் போலை. கடைக்காரனே எழுதி விட்டிருக்கிறான். நேர்மையான மனுசன்."

அத்தான் என் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். "ஆர் உன்னைத் தமிழில எழுதச் சொன்னது? எழுதினாலும் 'யூவ்' எண்டெல்லோ எழுத வேணும்!"

"ரெண்டு டபிள்யூ இருக்கு அத்தான். ஒண்டை விட்டால் மூர்த்தி அங்கிள் கோவிப்பார்."

அத்தான் என்னை விட்டுவிட்டு நேராகக் கிளவுஸிடம் போனார். ஆங்கிலத்தில் பேசினார். இது உங்கள் நாட்டுப் பெயர், சரியான உச்சரிப்பை நீங்களே இவர்களுக்குச் சொல்லுங்கள் என்று டயப்பர்ப் பெட்டி அட்டையை நீட்டினார். கிளவுஸ் எண்ணெய் படாத கையால் கண்ணாடியைப் போட்டார்.

"ஊவே" என்றார். அறையில் பாதிப்பேர் தன்னிச்சையாக அவரை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். "ஆனால் இந்த இரண்டாவது டபிள்யூ எதற்கு?"

"அதிர்ஷ்டத்துக்கு."

"அப்படியா." கிளவுஸ் பெயரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மரியாதையான மனிதர். ஆனாலும் ஜேர்மன்காரர், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார் போலிருந்தது. "இப்போது எங்கள் ஊரில் யாரும் குழந்தைக்கு இப்படிப் பெயர் வைப்பதில்லை, ராகுலன். என் மாமனாரின் பெயர் இது. அவர் ஓய்வு பெற்றுப் பத்து வருடம். பெரிய மீசை. சாப்பிட்டதும் காற்சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்."

நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினாள்.

"அப்ப அது அவையின்ரை உலகநாதன்."

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கியது. அத்தானின் காதுகள் சிவந்தன. நாற்பது பேர் சிரிக்கும்போது ஒரு மனிதன் மனம் மாறமாட்டான், இன்னும் இறுகுவான். அத்தான் இறுகினார்.

"பேர் பேர்தான். நான் முடிவெடுத்தாச்சு. ஐயா, நீங்கள் தொடங்குங்கோ. ஜது, வா, இரு."

சம்மணம் கட்டி இருந்தேன். பிள்ளையை அக்கா மடியில் வைத்திருந்தாள். நான் குனிந்தேன். காதின் மடிப்பில் காய்ந்த பால் வெடித்துப்போய் இருந்தது. புளித்த மணம். அந்தப் பெயரைச் சொல்லத் தகுந்த இடம்தான். மூச்சை அடக்கிக்கொண்டு உதட்டைக் குவித்தபோது அக்கா என் நெற்றியில் கையை வைத்துத் தள்ளினாள்.

"பொறு."

அவள் குரலைக் கேட்டு ஐயரும் மணியை நிறுத்தினார்.

"நீங்கள் வைச்ச பேர்தானே" என்றாள் அத்தானைப் பார்த்து. "முதல் நீங்கள் ஒருக்காக் கூப்பிடுங்கோ."

"என்ன விசர்க் கதை? மாமன்தான் சொல்லுறது."

"காதில மாமன் சொல்லட்டும். வாசல்ல நான்தான் கூப்பிடப்போறன், சாகுமட்டும். நீங்கள் ஒரே ஒரு தரம் அந்த வாசல்ல நிண்டு கூப்பிடுங்கோ. பிள்ளை பார்க்கில நிக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு. பார்க்குக்குக் கேக்க வேணும். கூப்பிட்டிட்டு வாங்கோ, நான் பிறகு வாய் திறக்கேல்லை."

அத்தான் சுற்றிப் பார்த்தார். யாரும் உதவவில்லை. பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி வாசலுக்குப் போனார். சபை முழுவதும் எழும்பி யன்னலுக்கு வந்தது. ஐயருக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

எதிர்வீட்டு இக்னேசியஸ் அங்கிள் தன் வாசலில் கார் கழுவிக்கொண்டு நின்றார். மன்னார்க்காரர், நல்ல மனிதர், எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

அத்தான் கைகளை வாயருகே குவித்தார். "யூவ்!"

இக்னேசியஸ் அங்கிள் நெஞ்சில் விரலை வைத்தார். "ஆர், என்னையோ?"

"உங்களை இல்லை அங்கிள். யூவ்! யூவ்!"

"என்னையில்லை எண்டுறீர், பிறகும் யூ யூ எண்டுறீர். என்ன வேணும் தம்பி?"

யன்னலிலிருந்து கிளவுஸ் உதவ நினைத்தார். "ஊவே!" என்று எடுத்துக் கொடுத்தார். "இரண்டாவது பாகத்தைத் திறந்து விடுங்கள், ராகுலன். ஊ-வே!"

மேலாளர் சொன்னால் அத்தான் செய்துவிடுவார். அது பழக்கம். மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, முழுத் தெருவுக்கும் கேட்க, வயிற்றின் அடியிலிருந்து கொண்டுவந்தார்.

"உவ்வ்வே! உவ்வ்வே!"

இக்னேசியஸ் அங்கிள் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடிவந்தார். "குனி தம்பி, குனி! நிமிர்ந்து நிண்டு எடுத்தா நெஞ்சில அடைச்சுப்போடும்!" ஒரு கையால் அத்தானின் நெற்றியைத் தாங்கினார், மறுகையால் முதுகை மேலிருந்து கீழே தேய்த்தார். "எடு, எடு, வெக்கப்படாதை. வந்தது முழுக்க வரட்டும். கிளடிஸ்! கிளடிஸ்! ஒரு தேசிக்காய் கொண்டா! துடக்கு வீட்டில பிழையான சாப்பாடு குடுத்துப்போட்டாங்கள்!"

"நான் சத்தி எடுக்கேல்லை அங்கிள்" என்றார் அத்தான் குனிந்தபடி, தரையைப் பார்த்து. "மகனைக் கூப்பிடுறன்."

முதுகைத் தேய்த்த கை நின்றது. இக்னேசியஸ் அங்கிள் யன்னலில் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு அத்தானின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

அத்தான் உள்ளே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்து முடித்திருந்தார்கள். அவர் கையில் இக்னேசியஸ் அங்கிளின் மனைவி கிளடிஸ் அன்ரி கொடுத்த தேசிக்காய் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், பூசை எலுமிச்சையோடு எலுமிச்சையாக ஐயரின் தட்டில் வைத்தார். என்னைப் பார்க்காமல், "மூர்த்தி அங்கிளுக்குப் போன் அடி" என்றார்.

துவாரங்கள் திரையை நிறைத்தன.

"உமாகரன் எவ்வளவு அங்கிள்?"

துவாரங்கள் முணுமுணுத்தன. "இருபத்திரண்டு. நாலு. சரிவராது. இன்னொரு ஏ போடு, இருபத்திமூண்டு."

"எங்கை போடுறது?"

"மாவுக்குப் பக்கத்தில."

தமிழில் எழுதினால் அந்த இரண்டாவது ஆங்கில ஏ, மாவின் நெடிலாக எப்போதும் அங்கேதான் இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. நல்லது நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அன்றுதான் முதன்முதலாகப் பழகினேன்.

அத்தான் லப்டொப்பை மடியில் வைத்து, துடித்துக்கொண்டிருந்த கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஒன்பது எழுத்து. கட்டத்துக்குள் இடம் இருந்தது. பிறகு அக்காவிடம் திருப்பிக் காட்டினார். அக்கா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்து, தானே அனுப்பும் பட்டனை அழுத்தினாள்.

நான் குனிந்து, மூச்சைப் பிடித்து, புளித்த காதுக்குள் இரண்டு தரம் மெல்லவும் மூன்றாம் தரம் சபைக்குக் கேட்கவும் சொன்னேன். உமாகரன் என் சட்டைப்பைக்குள் கொஞ்சம் பால் விட்டான். சாப்பாடு போட்டார்கள். கேக்கை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆட்கள் கைகழுவ எழும்பியபோது அக்கா பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். வாசல் வரை நடந்து போய்த் திரும்பி நின்றாள்.

"உமாகரா!"

பாத்திரங்கள் அதிர்ந்தன. கிளவுஸ் திடுக்கிட்டு வடையைப் போட்டார். தொட்டிலில் இருந்தவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான், திரும்பவேயில்லை.

"ஏனடி இந்தக் கத்துக் கத்துறாய்?" என்றாள் அம்மா. "பிள்ளை முன்னாலதானே கிடக்கு."

அக்கா இன்னொரு தரம் கூப்பிட்டாள்.